இரும்புக் கெண்டிக்கு வந்த கிராக்கி

கைத்தொழிலுக்குச் சந்தை தேடும் நாம், ஜப்பானின் இவாத்தே மாகாணத்து இரும்புக் கெண்டியைச் சற்று நோக்குவோம். மோரியோகா நகரில் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இத்தொழிலை 1975இல் அரசு மரபுக் கைத்தொழிலாக அங்கீகரித்தது. அங்கீகாரம் மட்டும் கிராக்கியைக் கொணரவில்லை. பிரெஞ்சுத் தேநீர் வணிகர் வண்ணக் கெண்டி கேட்டனர். கருநிறமே கண்டு பழகிய வார்ப்போர் இசைந்தனர். உள்ளே எனாமல் பூசிய அக்கெண்டி தேயிலை ஊறவைப்பதற்கே உரியது, அடுப்பில் ஏற்றலாகாது. (வாங்குவோர் பலர் இதனை அறியார்!) வெந்நீர் காய்ச்சும் பழைய கெண்டிக்கோ எனாமல் இல்லை, துருவைத் தடுக்க அதனைக் கரிநெருப்பில் 800 முதல் 1000 டிகிரி வரை சுடுவர். அதற்குச் சீனத்திலும் இன்று நல்ல கிராக்கி உண்டு. ஆயினும் அந்நுட்பம் கைவரப் பல்லாண்டுகள் ஆகும். ஆகவே, பெயர்பெற்ற பட்டறைகளில் வாங்குவோர் மாதக்கணக்கில் காத்திருக்கின்றனர். பயில வரும் இளைஞரைத் தேடுவதே அங்கு இப்பொழுது பெருங்கவலை.