பிள்ளையோடு பந்தடி பார்த்தல்



இலக்கிய நிகழ்ச்சியில் உதைபந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் கேட்கக்கூடும். என்னோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவரும் அதையே கேட்டார். "நீர் சங்கப் பாட்டைப் பற்றிப் பேசுவீர் எண்டெல்லோ நினைச்சனான்" என்றார். நான் இந்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிப்பவன். உயர்தர வகுப்புக்குச் சிற்றிலக்கியம் சொல்லிக்கொடுத்த ஒருநாள் இந்தப் பேச்சுக்கான எண்ணம் வந்தபடியால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். காப்பிலே தொடங்கிச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று முடியும். பெண்பாலாயின் ஈற்றில் அம்மானையும் ஊசலும் வரும். பிள்ளை தலையாட்டுவதற்கு ஒரு பருவம், கைகொட்டுவதற்கு ஒரு பருவம், நிலாவைக் கூப்பிடுவதற்கு ஒரு பருவம் என்று வகுத்த புலவர்கள், தகப்பனின் தோளில் ஏறி ஊரைப் பார்ப்பதற்கென்று ஒரு பருவத்தை ஏன் வைக்காமல் விட்டார்கள்? இதை வகுப்பிலே சொன்னபோது மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஐந்து வயதின் நினைவாக மிஞ்சியிருப்பது அந்த ஒரு பருவந்தான்.

என் தகப்பனார் தபாற் கந்தோரில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை பின்னேரங்களில் சைக்கிள் பாரில் ஒரு துவாயைச் சுற்றி, அதில் என்னை இருத்திக்கொண்டு மைதானத்துக்குப் போவார். எங்கள் பக்கத்தில் யாரும் உதைபந்தாட்டம் என்று வாயாற் சொல்வதில்லை. பந்தடி என்றுதான் சொல்வார்கள். மைதானம் என்றாலும் அது அறுவடை முடிந்த தரவை போன்ற ஒரு வெளி. எல்லைக்கோட்டுக்குக் கயிறு, கயிற்றுக்கு வெளியே சனம். அந்த ஆட்டங்களில் யார் விளையாடினார்கள், யார் வென்றார்கள் என்று ஒன்றுமே எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது அப்பாவின் தலையில் மணத்த நல்லெண்ணெய், மடியில் இருந்த கச்சான் சரை, கோல் விழும்போது எனக்குக் கீழே திடீரென்று துள்ளி எழும் இரண்டு தோள்கள். அவர் துள்ளினாற்றான் கோல் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அந்தச் சனிக்கிழமைகள் நின்றுபோயின. காரணத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை. சண்டை நடந்த காலத்திலும் ஊர்களில் பந்தடி நடக்கத்தான் செய்தது. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா ஒரு சட்டம் போட்டுவிட்டார்: "கூட்டம் கூடுற இடத்துக்குப் போகக்கூடாது." விமானம் வருவது கூட்டத்தைத் தேடித்தான் என்பது அவருடைய நம்பிக்கை. 1995 யூலை 9 ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின்மேல் குண்டுகள் விழுந்தபின் அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேச எங்களுக்கு வாய் வரவில்லை. கோயில் திருவிழாவென்றாலும் வெளிவீதியின் ஓரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அந்த ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோதுதான், என் 15 ஆவது வயதில், அம்மாவின் சட்டத்தை மீறிப் பெருங்கூட்டம் ஒன்றுக்குள் முதன்முதலாக நடந்தேன். அம்மாவும் கூடத்தான் நடந்தார்.

இப்போது என் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு ஆறு வயதாக இருக்கையில், பக்கத்துக் கிராமத்தில் மின்னொளியில் நடந்த அணிக்கு ஏழு பேர் கொண்ட சுற்றுப்போட்டி ஒன்றுக்கு அவளை முதன்முதலாகக் கூட்டிச் சென்றேன். சிறுபிள்ளைகளுக்கு இந்த எழுவர் ஆட்டம் பொருத்தமானது என்பது என் அனுபவம். பதினொருவர் ஆட்டம் 45 நிமிடத்தில் இரண்டு பாதியாக நடப்பது. நடுவில் ஓர் இடைவேளை. ஆறு வயதுப் பிள்ளை அவ்வளவு நேரம் ஒரிடத்தில் இராது. எழுவர் ஆட்டம் குறுகியது. வெளியும் சிறியது, ஆட்டக்காரரின் முகமும் தெரியும்.

அவள் அதுவரை தொலைக்காட்சியில்தான் ஆட்டம் பார்த்தவள். முதலாவது கோல் விழுந்ததும் என் சேர்ட்டை இழுத்து, "அப்பா, இன்னொருக்காக் காட்டமாட்டினமோ?" என்று கேட்டாள். காட்டமாட்டார்கள் என்றேன். அவளுக்கு நம்பமுடியவில்லை. சிறிது நேரம் கோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு கண்ணை எடுக்காமல் பார்க்கத் தொடங்கினாள். ஆனால் பார்த்தது பந்தையன்று.

நேயர்களே, இதைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். தொலைக்காட்சியில் கமெரா எதைக் காட்டுகிறதோ அதைத்தான் பிள்ளை பார்க்கும். கமெரா பந்தின் பின்னாலேயே ஓடும். மைதானத்தில் அப்படி யாரும் கண்ணைப் பிடித்து இழுப்பதில்லை. பந்து ஒரு பக்கத்தில் நிற்க, என் மகள் மறுபக்கத்தில் தனியே நின்ற கோல் காப்பாளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு பதினெட்டு வயதுப் பையன். பந்து தன் பக்கம் இல்லாத நேரத்தில் அவன் கையுறையைக் கழற்றுவான், போடுவான், கம்பத்தைக் காலால் தட்டுவான், தன்னோடு தானே ஏதோ பேசுவான். "அந்த அண்ணா ஆரோடை கதைக்கிறார்?" என்று கேட்டாள். எத்தனையோ ஆட்டம் பார்த்தவன் நான். பந்து தூர நிற்கும்போது கோல் காப்பாளன் என்ன செய்வான் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்று அவளோடு சேர்ந்து நானும் அவனையே பார்த்தேன். அதனால் இரண்டாவது கோலைத் தவறவிட்டேன்.

தவறவிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தக் கோல் விழுந்த கையோடு இளைஞர்கள் சிலர் சீனவெடி கொளுத்திப் போட்டார்கள். எனக்குப் பின்னால், மிகக் கிட்ட. எனக்கு என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. மகளை இழுத்து மடிக்குள் அமுக்கிக்கொண்டு நிலத்தோடு குனிந்துவிட்டேன். என்னைச் சுற்றிலும் எல்லோரும் கையை உயர்த்தித் துள்ளுகிறார்கள். நான் ஒருவன் மட்டும் புல்லுக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். கைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "அப்பா, கோல் அப்பா! குனிஞ்சாத் தெரியாது, எழும்புங்கோ!"

எழும்பினேன். பக்கத்தில் நின்ற என் வயதுடைய ஒருவர் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அவரும் பாதி குனிந்து நிமிர்ந்தவர் போலத்தான் இருந்தார். இருவரும் ஒன்றும் பேசாமல் மைதானத்தைப் பார்த்தோம். என் மகளுக்கு அந்தச் சத்தம் கொண்டாட்டத்தின் சத்தம். அதற்கு வேறு பொருள் இருந்ததென்று அவளுக்குச் சொல்வதா, எப்போது சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்மாவின் சட்டத்தில் நியாயமே இல்லையென்றும் நான் சொல்லமாட்டேன். கூட்டம் ஆபத்தானதுதான். 1989 ஏப்ரல் 15 இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைக் கொண்டது. அவர்களுள் ஆக இளையவனுக்கு வயது 10. அதன் பின்னர்தான் அந்நாட்டின் பெரிய அரங்குகளில் நின்று பார்க்கும் படிகளை நீக்கி எல்லோருக்கும் இருக்கை வைத்தார்கள். 2022 ஒக்ரோபர் 1 இரவு, இந்தோனேசியாவின் மலாங் பகுதியில், ஆட்டம் முடிந்தபின் மைதானத்துக்குள் இறங்கியவர்களைக் கலைக்கப் பொலிஸார் கண்ணீர்ப்புகை வீசினார்கள். வாசல்களை நோக்கி ஓடிய சனம் நெரிபட்டது. 135 பேர் இறந்தார்கள். அவர்களிற் பலர் சிறுவர்கள். அன்று காலையில் அந்தப் பிள்ளைகளும் ஆட்டத்துக்குக் கூட்டிப்போகும்படி வீட்டில் நச்சரித்திருப்பார்கள்.

ஆகவே எனக்கென்று சில வழக்கங்களை வைத்திருக்கிறேன். போனவுடன் வெளியேறும் வழி எது என்று பார்ப்பேன். கோல் கம்பத்தின் பின்னால் நிற்பதில்லை. பந்தும் வரும், சண்டையும் அங்கேதான் தொடங்கும். மகளின் முன்கையில் என் தொலைபேசி இலக்கத்தைப் பேனையால் எழுதிவிடுவேன். அவள் காதுக்குப் பஞ்சு கொண்டுபோவேன்; 2010 உலகக் கிண்ணத்துக்குப்பின் நீள ஊதுகுழல் நம்மூருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சனம் கலைய முன்னரே புறப்படலாம் என்பார்கள். அதை மட்டும் நான் செய்வதில்லை. கடைசி விசில் வரை இருந்து, வாசல் வெறித்த பிறகு போவோம். அந்த நேரத்தில் ஐஸ்பழக்காரன் மிச்சத்தை மலிவாகக் கொடுப்பான்.

இன்னுமொன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பிள்ளைகளை மைதானத்துக்குக் கொண்டுபோகாதே, கெட்ட வார்த்தை பழகுவார்கள் என்பது நம்மவர்களின் முறைப்பாடு. பழகினாள், உண்மைதான். யாரிடம் என்பதில்தான் சிக்கல். ஒருநாள் அவளுடைய பிஸ்கற்றை நாய் கவ்விக்கொண்டு ஓடியபோது, எந்தத் தமிழ்ப் பாடநூலிலும் இல்லாத ஒரு சொல்லால் அதை ஏசினாள். விளக்கேற்றிக்கொண்டிருந்த என் தாயார் திடுக்கிட்டு, "இதை எங்கை பழகினாய்?" என்றார். "அப்பா றெபறிக்குச் சொன்னவர்" என்றாள் பிள்ளை.

மத்தியஸ்தர் அன்று கொடுத்த தண்ட உதை பிழையென்று இப்போதும் நான் நம்புகிறேன். ஆனால் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததே எனக்குத் தெரியாது. இருபது வருடமாகச் சொல்லைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்குகிறவன் நான். அதற்குப்பின் மைதானத்தில் ஏச்சு வரும்போதெல்லாம் "ஐயோ" என்றுதான் கத்துகிறேன். அதிலே போதிய காரம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல்நாள் ஆட்டத்துக்குத் திரும்புகிறேன். அது 2 இற்கு 2 என்று முடிந்து சமநிலை தவிர்ப்பு உதைக்குப் போனது. தன்னோடு தானே பேசிய அந்தக் கோல் காப்பாளன் ஒன்றைத் தடுத்தான். மற்றவை எல்லாம் உள்ளே போயின. தோற்ற பின் அவன் கம்பத்தடியிலேயே இருந்து அழுதான். வென்றவர்களின் வெடி இன்னும் ஓயவில்லை. "ஏன் அந்த அண்ணா அழுகிறார்? அவர் ஒண்டைப் பிடிச்சவர்தானே?" என்று கேட்டாள். மற்றவற்றைப் பிடிக்கவில்லை என்றேன். "அது சரியான கஷ்டம் அப்பா. கம்பம் பெரிசு, அவர் சின்னன்" என்றாள். பிறகு எதிரணியின் முதியவர் ஒருவர், பயிற்றுநராக இருக்கவேண்டும், வந்து அவன் தலையைத் தடவித் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தார். அவள் அதையும் பார்த்தாள். நான் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

இரவு நடந்தே திரும்பினோம். அவள் என் தோளில் ஏறி, வைரவர் கோயிலடி வருமுன் நித்திரையாகிவிட்டாள்.

இப்போது அவள் பார்ப்பதோடு நிற்பதாக இல்லை. தானும் அடிக்கவேண்டும் என்கிறாள். பெண்பிள்ளைக்குப் பந்தா என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டார். தமிழில் பந்து முதலில் பெண்களின் கையிலேதான் இருந்தது, சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் வரும் கந்துகவரி பெண்கள் பந்தடித்துப் பாடுவது என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். அவர் அசையவில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகள் அகில இலங்கைப் பாடசாலை மட்டத்தில் சம்பியன் ஆனதைச் சொன்னேன். அதற்குத்தான் அசைந்தார்.

சென்ற மாதம் இன்னொரு இறுதியாட்டத்துக்குப் புறப்பட்டோம். அம்மா படலையடிக்கு வந்தார். சட்டத்தைத்தான் நினைவூட்டப் போகிறார் என்று பார்த்தேன். கையிலே தண்ணீர்ப் போத்தலும் ஒரு பழைய துவாயும் இருந்தன. "வெள்ளனப் போய் வாசல் பக்கமா இருங்கோ" என்றார். சிறிது நின்று, பேத்தியிடம் மட்டும் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி, "வெடிச் சத்தம் கேட்டா அப்பான்ரை கையைப் பிடிச்சுக்கொள்" என்றார்.