கயிறு இழுத்தவரும் ஊர் பார்க்கப் போனவரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'நகர் காணல்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. உப்பளக் கரையில் கூடியிருக்கும் நமக்கு இத்தலைப்பு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் நம் கரையைப் பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய பாட்டே ஒரு பயணப் பாட்டுத்தான். நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படையைச் சொல்கிறேன். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், பசியோடு எதிர்ப்படும் மற்றொரு பாணனை ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் வழிப்படுத்துகிறான். அப்போது சேரர் வஞ்சி, பாண்டியர் மதுரை, சோழர் உறந்தை ஆகிய மூன்று பெருநகரங்களையும் அவன் வாயாரப் பாடுகிறான். பாடி முடித்த கையோடு, எம் வள்ளலின் கொடைக்கு முன்னே அவையெல்லாம் வறியவை என்று ஒதுக்கியும் விடுகிறான். பிறகு அவன் காட்டும் ஊர்கள் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்பன.

எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் கருத்து. பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடற்பயண நூல் குறிக்கும் சோபட்மா துறைமுகத்தையும் இவ்வூரோடு பொருத்துவர். எயில் என்றாலும் மதில். சோ என்றாலும் மதில். அந்தப் பட்டினத்தில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரங்கள், உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடக்கின்றன. அவை விறகாகின்றன. நுளையர் மகள் அரித்த முதிர்ந்த தேறலும் சுட்ட குழல்மீனும் வழிப்போக்கனுக்குக் கிடைக்கின்றன. பெருநகரத்தை விட்டுவிட்டு நெய்தல் கரைக்கு வா என்று அழைத்த பாட்டுக்கு உரியவர்கள் நாம். இன்று அந்தத் திசை தலைகீழாகிவிட்டது. இரண்டு நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் நண்பர்கள் நால்வர் கூடிச் சென்னைக்குப் பேருந்து ஏறுகிறோம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. போய்ப் பார்ப்பவர் எதைப் பார்க்கிறார் என்பதே என் பேச்சு.

தமிழில் ஊர் பார்ப்பதற்கென்றே ஒரு காதை உண்டு. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் ஊர்காண் காதை. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் தனியே மதுரையைப் பார்க்கப் போகிறான். பரத்தையர் வீதி, மணிகள் விற்கும் கடைவீதி, பொன் கடைத் தெரு, அறுவை வீதி, கூல வீதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்கிறான். அவனுக்கு வரவிருப்பது என்னவென்று படிக்கும் நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதனால்தான் அக்காதையின் ஒவ்வொரு வீதியும் நமக்கு நெஞ்சை அடைக்கிறது. கண்ணகியும் பின்னர் மதுரை வீதிகளில் நடந்தாள். அவள் கண்ட மதுரையும் கோவலன் கண்ட மதுரையும் ஒரே ஊர்தானா?

பண்டைய உமணரும் ஊர் ஊராகச் சென்றவர்களே. வண்டி வரிசையில் குடும்பத்தோடு போய், உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கி வந்தவர்கள். அவர்கள் ஊர் பார்த்தது வயிற்றுக்காக.

இனி நம் காலத்துக்கு அருகே வருகிறேன். நண்பர்களோடு குறும்பயணம் போவதைப் பாடிய தமிழ்க் கவிதைகளில் எனக்கு முதன்மையாகப் படுவது பாவேந்தர் பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு'. செலவு என்ற சொல்லைக் கவனியுங்கள். பழந்தமிழில் அது பயணம்; நம் வீட்டில் அது கைக்காசு கரைவது. இரண்டு பொருளும் பொருந்தாத பயணம் எது? 1934இல் பாவேந்தர் தோழர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குத் தோணியில் போனார். போன வழி பக்கிங்காம் கால்வாய். கவிதையின் தொடக்கத்தில் அக்கால்வாய் புதுச்சேரி வரைக்கும் நீள்வதாகப் பாடுகிறார். புதுவைக்காரர் அல்லவா, தம் ஊர் வரைக்கும் இழுத்துவிட்டார்! உண்மையில் அக்கால்வாய் ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து சென்னை வழியாக ஏறத்தாழ 420 கிலோமீட்டர் வந்து, நம் மரக்காணத்தில் முடிந்துவிடுகிறது. அதன் தென்கோடி நாம்தான். இது நம் கவிஞர்கள் பலருக்கு ஒரு செய்தியாக இருப்பது எனக்கு வியப்பாக உள்ளது.

அக்கால்வாயின் வரலாற்றைச் சற்றே விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். 1806இல் பாசில் கோக்ரேன் என்பவர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய வாய்க்கால் அதன் முதல் துண்டு. 1837இல் அரசு அதனை எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. நகருக்குள்ளே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர் மட்டும் வெட்டப்படாமல் கிடந்தது. தாது வருடப் பஞ்சம் வந்தது. 1877, 1878ஆம் ஆண்டுகளில், பஞ்ச நிவாரண வேலையாக, பட்டினியால் சாகாமல் எஞ்சியவர்களின் கைகளைக் கொண்டு அந்த எட்டுக் கிலோமீட்டர் வெட்டப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. வெட்டியவர் எவர் பெயரும் எங்கும் இல்லை.

அவ்வழியே சென்னை நகருக்கு விறகு போயிற்று, உப்புப் போயிற்று. சென்ட்ரல் நிலையத்தை அடுத்திருந்த ரயில்வே சரக்கு நிலையத்துக்குச் 'சால்ட் கொட்டாரஸ்' என்று பெயர். ஆங்கிலப் பெயர் போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பது நம் கொட்டாரம். உப்புக் கிடங்கு. மாநகரத்துக்கு உப்பு சேர்ந்த கதை ஒரு பெயருக்குள் இப்படி ஒடுங்கிக் கிடக்கிறது.

மாவலிபுரச் செலவுக்குத் திரும்புவோம். இயற்கையைக் கண்டு களித்துக்கொண்டு போகும் தோழர்கள், ஓரிடத்தில் தம் தோணி எப்படி நகர்கிறது என்பதைப் பார்த்துவிடுகிறார்கள். கரையோடு நடந்து ஒருவர் தோளில் கயிற்றைப் போட்டு இழுக்கிறார். மற்றொருவர் முதுகு கோணக் கோலை ஊன்றித் தள்ளுகிறார். பாவேந்தருக்கு அதனைக் காணப் பொறுக்கவில்லை. உல்லாசப் பாட்டு அந்த இடத்தில் உடைகிறது. அந்த உடைப்புத்தான் கவிதை என்பேன். ஊர் பார்க்கப் போகிறவன் தன்னைச் சுமப்பவனைப் பார்த்துவிட்ட தருணம் அது.

ஆனால் ஒரு சொல் மாறுபடவும் விரும்புகிறேன்; பாவேந்தரின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அங்கிருந்து கவிதை மிக விரைவாக, இன்பக் கரை ஏறும் எவரும் தொழிலாளர் தோளின் துணையால்தான் ஏறுகிறார் என்ற பொதுமைக்குப் போய்விடுகிறது. கருத்து உண்மை. எனினும் கயிறு இழுத்தவர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவர் எந்த ஊர், இரவு எங்கே சோறு பொங்கினார், தோணிக்குள் இருந்தவர்களைப் பற்றி என்ன நினைத்தார்? தோணியில் இருந்தவர் எழுதிய கவிதை நம்மிடம் இருக்கிறது. கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் கவிதை இல்லை.

இப்போது நம் கதை. சென்ற ஆண்டு நம் வட்டத்து நண்பர்கள் எழுவர் இரண்டு நாள் சென்னைக்குச் சென்று வந்தோம். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தையும், அதனை ஒட்டிய கன்னிமாரா நூலகத்தையும், கலங்கரை விளக்கத்தையும் பார்த்தோம். பிறகு மெரினா. நாளெல்லாம் கடலைப் பார்த்து வளர்ந்த எழுவர், நூறு கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போய் மறுபடியும் கடலைப் பார்த்து வியந்து நின்றதைக் கடலே வேடிக்கை பார்த்திருக்கும். அங்கே தேவி பிரசாத் ராய் சவுத்ரி வடித்த உழைப்பாளர் சிலை இருக்கிறது. 1959இல் நிறுவப்பட்டது. பாறையைப் புரட்டும் நால்வரின் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டோம். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவிய சிலைகளின் வரிசையில் பாரதிதாசனையும் கண்டோம், கண்ணகியையும் கண்டோம். கண்ணகி சிலையை 2001இல் அகற்றி 2006இல் மீண்டும் வைத்தார்கள். இரண்டாம் முறையும் அவள் ஒரு நகரத்தோடு வழக்காட வேண்டியிருந்தது போலும்.

அச்சிலைகளுக்கு மேற்கே, நடந்து போகும் தொலைவில், அந்தக் கால்வாய் ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. 1965, 1966 புயல்களுக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நலிந்தது. 1995இலும் 1997இலும் சேப்பாக்கம், மயிலாப்பூர் வரை திறக்கப்பட்ட பறக்கும் ரயிலுக்கு அக்கால்வாய்க்குள்ளேயே தூண்களை நட்டார்கள். பாலத்தின் மேல் நாங்கள் நின்றபோது நண்பர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது என்ன சாக்கடை?" என்றார். "நம் ஊர் வாய்க்கால்" என்றேன். நம்பவில்லை. திரும்பி வந்தபின் நடந்த கவியரங்கில் ஐந்து கவிதைகள் படிக்கப்பட்டன. மெரினாவும் கலங்கரை விளக்கமும் வந்தன, ராய் சவுத்ரியின் நால்வரும் வந்தார்கள். அந்தச் சாக்கடை வரவில்லை. அவை நல்ல கவிதைகள். சந்தமும் உவமையும் குறைவில்லை. ஆனால் சென்னையில் பிறந்த ஒருவரும் அவற்றை அப்படியே எழுதியிருக்கலாம். மரக்காணத்தார் போய்ப் பார்த்தார் என்பதற்கு அவற்றில் தடயம் எங்கே?

நகரத்தாரும் நம்மைப் பார்க்க வருகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி, வரப்பில் நின்று, வெள்ளைக் குவியல்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தூத்துக்குடி, வேதாரணியத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் உப்பளம் என்று யாரோ சொல்லக் கேட்டு வருகிறார்கள். பாத்தியில் உப்பு வாரும் அம்மையார் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தெனம் நாலு பேரு படம் புடிச்சிட்டுப் போறாங்கண்ணே. எல்லாம் உப்பத்தான் புடிக்கிறாங்க. எங்காலப் பாத்தவங்க ஒருத்தரும் இல்ல." உப்பு நீரில் ஆண்டுக்கணக்கில் நின்று வெடித்த காலை நான் உங்களுக்கு வருணிக்கத் தேவையில்லை; இந்த அவையில் பல வீடுகளில் அந்தக் கால்கள் இருக்கின்றன. உழைப்பாளர் சிலையின் முன் நாம் நின்றதற்கும் அவர்கள் வரப்பில் நிற்பதற்கும் என்ன வேறுபாடு என்று கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே செயற்குழுவின் முன் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த சென்னைச் செலவைக் கால்வாயின் கரையோடு, நம் ஊர் முனையிலிருந்து தொடங்குங்கள். கோவளத்திலும் அடையாற்றிலும் இறங்கிப் பாருங்கள். சென்ட்ரல் பக்கம் உப்புக் கொட்டாரம் இருந்த இடத்தையும் பாருங்கள். மெரினாவுக்கு அதன் பிறகு போகலாம். இரண்டாவது, படகு ஓடிய காலத்தைக் கண்ட முதியவர்கள் நம் பக்கத்து ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கயிறு இழுத்தவர், கோல் போட்டவர், மூட்டை ஏற்றியவர். கயிற்றுக்கும் கோலுக்கும் படகின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர்கள் வழங்கிய சொற்கள் எந்த அகராதியிலும் முழுமையாக ஏறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மழைக்காலத்தில் அளத்தில் வேலை நிற்கும். வரும் ஐப்பசியில் குறிப்பேட்டோடு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போக முன்வரும் உறுப்பினர்கள், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். முதல் பெயராக என் பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.