வீரன் இருப்பது எங்கே?

பத்து நிமிஷம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

பிரௌசரில் பல பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டு. திரையில் ஒரு வீரன் நடக்கிறான், வாள் வீசுகிறான், பை நிறையக் காசு வைத்திருக்கிறான். அவன் எங்கே இருக்கிறான்? பிள்ளைகளைக் கேட்டால், "இதோ, என் திரையில" என்பார்கள். திரையில் தெரிவது வெறும் பொம்மை. ஆள் இருப்பது சர்வரில். அங்கே அவனுக்கு முகமும் இல்லை, வாளும் இல்லை. எந்தக் கட்டத்தில் நிற்கிறான், உயிர் எவ்வளவு பாக்கி, பையில் என்ன, கடைசியாக எப்போது அடித்தான் என்று சில எண்கள், அவ்வளவுதான்.

ஏன் இந்தச் சுற்றுவழி? பிரௌசருக்கு அனுப்பும் நிரல் முழுவதும் ஆட்டக்காரர் வீட்டுக்கே போய்விடுகிறது. எஃப்12 பொத்தானை அமுக்கினால் அதைத் திறந்து பார்க்கலாம், மாற்றவும் மாற்றலாம். தராசை வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டு, கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? அதனால் பிரௌசர் விண்ணப்பம் மட்டுமே போடலாம். "நான் வடக்கே போய்ட்டேன்" என்று சொல்லக்கூடாது, "வடக்கே போகலாமா?" என்று கேட்க வேண்டும். வழியில் சுவர் உண்டா, ஆள் உயிரோடு இருக்கிறானா, போன அடி வைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்து சர்வர்தான் நகர்த்தும். தாயக்கட்டையை உருட்டுவதும் அதுதான்.

2001-ல் இங்கிலாந்திலிருந்து வந்த ரூன்ஸ்கேப் ஆட்டம் அப்போது ஜாவா ஆப்லெட்டாகப் பிரௌசரிலேயே ஓடியது. அதன் சர்வருக்கு 0.6 விநாடிக்கு ஒரு துடிப்பு. அந்த இடைவெளியில் வந்த விண்ணப்பங்களை வரிசையாக எடுத்துத் தீர்ப்புச் சொல்லும். தரையில் கிடக்கும் ஒரே காசுக்கு இரண்டு பேர் கை நீட்டினால், வரிசையில் முன்னால் வருகிறவருக்குக் காசு, மற்றவருக்கு வெறுங்கை.

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் அங்கே ஒரு விபரீதம் நடந்தது. 2006 மே கடைசியில் அந்த ஆட்டத்தில் வீடு கட்டும் வித்தையைச் சேர்த்தார்கள். சில நாளிலேயே ஒருவர் அதில் உச்சமான 99-ஆம் படியைத் தொட்டார். ஜூன் 5 அன்று தம் ஆட்ட வீட்டில் விருந்து வைத்தார். கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். வீட்டுக்குள் விருந்தினர்கள் விளையாட்டாக அடித்துக்கொள்ள ஒரு சண்டைக்களம் உண்டு. நெரிசல் தாங்காமல் எல்லோரையும் வெளியேற்றியபோது, களத்தில் நின்ற சிலருக்கு "அடிக்கலாம்" என்ற அனுமதி அழியாமல் கூடவே வந்துவிட்டது. அடிபட்டவர்களால் திருப்பி அடிக்க முடியவில்லை! அதில் ஒருவர் ஃபாலடார் நகருக்குள் புகுந்து, கண்ணில் பட்டவர்களை எல்லாம் வெட்டிச் சாய்த்தார். பல நாள் பாடுபட்டுச் சேர்த்த பொருளை அன்று பறிகொடுத்தவர்கள் பலர். நிர்வாகத்தார் அவர் கணக்கை முடக்கிய பிறகுதான் அடங்கியது.

கவனியுங்கள், இதில் யாரும் சர்வருக்குள் திருட்டுத்தனமாக நுழையவில்லை. சர்வரே கொடுத்த அனுமதி, சர்வரே பறிக்க மறந்தது. "களத்துக்குள் நுழைந்தால் எழுது, வாசல் வழியாக வந்தால் அழி" என்று நிரல் எழுதினால், வாசல் வழியாக வராதவன் என்ன ஆவான்? அதைவிட, ஒவ்வொரு அடியின்போதும் "இப்போது நீ எங்கே நிற்கிறாய்?" என்று கேட்டுவிடுவது மேல் என்பது என் கட்சி. கொஞ்சம் வேலை கூடும், கூடட்டுமே.

இணைப்பு அறுந்தால்? சண்டையில் தோற்கும் நேரம் பார்த்து ஒயரைப் பிடுங்குகிற கில்லாடிகள் உண்டு. உடனே வீரனை மறைத்துவிட்டால் அவர்களுக்குக் கொண்டாட்டம். நிறுத்தி வைத்தாலோ, கரண்ட் போன அப்பாவி அடிபட்டுச் சாவான். சண்டையில் இருப்பவனைப் பத்து விநாடி நிறுத்தி வைப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அப்பாவிக்குச் சங்கடம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக, பண்டமாற்று. என் வாளை நீங்கள் வாங்குகிறீர்கள். உங்கள் பையில் வாளை எழுதியாயிற்று. என் பையிலிருந்து அடிப்பதற்குள் சர்வர் படுத்துவிட்டது. எழுந்து பார்த்தால் இரண்டு வாள்! ஆகையால் இரண்டு பையையும் டேட்டாபேஸில் ஒரே பரிவர்த்தனையாக எழுத வேண்டும்: இரண்டும் பதிவாகும், அல்லது இரண்டுமே பதிவாகாது. பாங்கில் வேலை பார்க்கும் நம் நண்பர்களுக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.