விரல் நுனியில் மூச்சுக் கணக்கு

கேரளத்தின் தோப்பும்படி துறைமுகத்தில் படகுகள் கரைசேரும் நேரம். சில வீடுகளில் பெரியவர்களின் இருமலும் இப்போதுதான் தொடங்கும். அதற்கு ஒரு காரணம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சி.ஓ.பி.டி. இதற்கென்றே கேரள அரசு குடும்ப ஆரோக்கிய மையங்களில் 'ஸ்வாஸ்' திட்டத்தை நடத்துகிறது.

வீட்டில் துணைக்கு, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. 1974இல் ஜப்பானியர் டகுவோ அவோயாகி கண்ட வழி அது. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைக் கெடுக்கும்.

வீட்டில் ஆக்சிஜன் எடுப்பவர் என்றால், 98 காட்டவில்லையே என்று பதறி, அதை நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள். இந்நோயாளிகள் பலருக்கு மருத்துவர் வைக்கும் இலக்கே 88 முதல் 92தான். அதை மிஞ்சினால் கரியமிலவாயு ரத்தத்தில் தேங்கக்கூடும்.

தினமும் ஒரே நேரத்தில் அளந்து, சளியின் நிறத்தையும் சேர்த்தெழுதி, போனில் மருத்துவரிடம் சொல்லுங்கள். வழக்கத்தைவிட எண் இறங்கினாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.