ஸ்டெம் செல்: எங்கிருந்து எடுத்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள்?
(ஆதரவாளர் கூடுகையில் அளித்த செய்தி)



சென்ற கூடுகையில் உங்களில் ஒருவர் எழுந்து, "ஸ்டெம் செல் சிகிச்சைக்கு நாம் காணிக்கை கொடுக்கலாமா? கருவை அழிக்கிற காரியம் அல்லவா அது?" என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டபடியால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. மருத்துவமனைக் குருவானவர்களாகிய நாங்கள் வைத்தியர்கள் அல்ல. ஆனாலும் படுக்கையருகில் உட்கார்ந்து கேட்டதையும் எங்கள் வைத்தியர்களிடம் கற்றுக்கொண்டதையும் சொல்லுகிறோம்.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்கிறார்கள். நல்ல பெயர்தான். வாழைக்குருத்து விரிந்து இலையாவதுபோல, இந்த அணு பெருகி வேறு அணுக்களாக மாறக்கூடியது. நம்முடைய எலும்பு மஜ்ஜையிலே இரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்கள் உண்டு. மஜ்ஜையை ஒருவரிடமிருந்து எடுத்து மற்றவருக்கு ஏற்றும் முறையை உருவாக்கிய அமெரிக்க வைத்தியர் டோனல் தாமஸ் 1990இல் நோபல் பரிசு பெற்றார். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது. தலசீமியா என்னும் இரத்த வியாதியோடு பிறந்து, இரத்தம் ஏற்றியே பிழைத்திருக்கும் பிள்ளைகளில் அநேகர், கூடப்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் சுகமடைகிறார்கள். கொடுத்தவருக்கு எடுத்த மஜ்ஜை சில வாரங்களில் மறுபடியும் ஊறிவிடுகிறது. எந்தக் கருவும் அழிவதில்லை. இதற்குக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

தர்க்கம் பெரிதானது 1998இல். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் மனிதக் கருவிலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து வளர்த்தார்கள். சோதனைக்குழாய் முறையில் உருவாகி, பெற்றோர் ஆராய்ச்சிக்கென்று கொடுத்துவிட்ட கருக்கள் அவை. ஏறக்குறைய ஐந்து நாள் கரு, குண்டூசித் தலையைவிடச் சிறியது. அணுக்களை எடுத்தால் அது பிழைக்காது. எப்படியும் வீணாகப் போவதுதானே என்பார் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை இதை முற்றிலும் மறுக்கிறது. புராட்டஸ்டண்ட் சபைகளுக்குள் ஒரே குரல் இல்லை. எங்களில் பெரும்பாலோர், ஜீவனின் ஆரம்பத்தை ஒரு கருவிபோல் பயன்படுத்தலாகாது என்றே நினைக்கிறோம். ஆனால் பார்க்கின்சன் வியாதியால் கை நடுங்கி, நற்கருணைப் பாத்திரத்தைப் பிடிக்க முடியாத ஒரு மூப்பரின் முன் இதைச் சொல்லும்போது எங்கள் சத்தம் தாழ்ந்துதான் போகிறது.

2007இல் ஜப்பானின் ஷின்யா யாமானாக்கா, வளர்ந்த மனிதரின் தோல் அணுவையே குருத்தணுவாகத் திருப்பிக் காட்டினார். 2012இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கருவை அழிக்காத வழி திறந்ததே, இனிக் கவலையில்லை என்று நாங்களும் எண்ணினோம். ஆனால் சிகிச்சை வந்துசேரும் முன்னே வியாபாரம் வந்துவிட்டது.

தசைச் சிதைவு வியாதியுள்ள ஒன்பது வயது மகனைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு தகப்பனார் வந்தார். "வெளியே ஒரு இடத்தில் பெரிய ஊசி போடுகிறோம் ஐயா, ஜெபம் பண்ணுங்கள்" என்றார். என்ன ஊசி என்று நாங்கள் கேட்கவில்லை. ஜெபித்து அனுப்பினோம். சில மாதம் கழித்து நாலாவது ஊசிக்கு ஜெபிக்கச் சொல்லி வந்தபோதுதான் விசாரித்தோம். மூன்று ஸ்டெம் செல் ஊசிகளுக்காக வீட்டுமனையை விற்றிருந்தார். பையன் நடப்பான் என்று அங்கே சொன்னார்களாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இரத்த வியாதி போன்ற சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சிக்கு உட்படும் நோயாளியிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது. ஆகையால் உங்கள் சபையில் யாராவது ஸ்டெம் செல் சிகிச்சைக்கென்று உதவி கேட்டு வந்தால், அணு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதோடு, பணம் யாரிடம் போகிறது என்றும் கேளுங்கள். முதல் முறை நாங்கள் கேட்காமல் விட்டதால் சொல்லுகிறோம்.

நாலாவது ஊசி வேண்டாம் என்று எங்கள் வைத்தியரும் நாங்களும் அவரிடம் சொன்னோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. "அப்படியானால் அன்றைக்கு ஏன் ஐயா ஜெபம் பண்ணினீர்கள்?" என்றார்.

பையன் இப்போது வாரம் ஒருமுறை எங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு, உங்கள் காணிக்கையில் வாங்கிய சக்கர நாற்காலியில் வருகிறான். தள்ளிக்கொண்டு வருகிறவர் தாயார். தகப்பனார் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.