கத்தரித் தோட்டத்தில் நாங்கள் படித்த பாடம்

மைக் பிடித்துப் பழக்கமில்லை. கத்தரிக்காயைப் பத்தின்னா பேசுறேன் என்று சொல்லித்தான் வந்தேன்.

எங்கள் குழுவில் 12 பேர். 3 வருஷத்துக்கு முன்னால் குழுக் கடன் வாங்கி, 40 சென்ட் குத்தகைக்குப் பிடித்துக் கத்தரி போட்டோம். செடி நல்லாத்தான் வந்தது. அப்புறம் குருத்து ஒவ்வொண்ணாத் தலை சாய ஆரம்பிச்சது. காய் வந்தது, காயில் ஓட்டை. கடையில் கேட்டு மருந்து அடித்தோம், அடங்கவில்லை. "வாரம் ரெண்டு தடவை அடிப்போம்" என்று சொன்னது நான்தான். அடித்த மறுநாளே பறித்துச் சந்தைக்கு அனுப்பினோம். அப்படியும் கூடைக்குப் பாதி சொத்தை என்று வியாபாரி கழித்தார். கடன் தவணை மட்டும் கழியவில்லை.

ஒரு நாள் வீட்டுக்கு நாலு காய் கொண்டுபோனேன். மருமகள் அதை ஓரமாக வைத்துவிட்டு, "அத்தை, நேத்துதானே மருந்து அடிச்சீங்க? பிள்ளைக்கு எப்படி ஆக்கிப் போடுறது?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. நம்ம பிள்ளைக்கு ஆகாதது ஊரார் பிள்ளைக்கு ஆகுமா?

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். தோட்டக்கலை அலுவலரை வரவழைத்தோம். அவர் வாடிய குருத்தைக் கிள்ளிப் பிளந்து காட்டினார். உள்ளே புழு! அந்துப்பூச்சி ராத்திரியில் இலையில் முட்டை வைக்குமாம். பொரிந்த புழு சில மணி நேரத்தில் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். அப்புறம் மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடாது. நாங்களோ சொத்தைக் காயை வரப்பிலேயே கொட்டி, புழுவை வளர்த்திருக்கிறோம்.

இப்போது செய்வது இதுதான். வாரக் கூட்டத்தன்று காலையில் 12 பேரும் வாளியோடு இறங்கி, வாடிய குருத்தையும் ஓட்டைக் காயையும் கிள்ளி எரித்துவிடுவோம். அதற்குப் பிறகுதான் சேமிப்பு வசூல். இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 என்ற கணக்கில், எங்கள் 40 சென்டுக்கு 2. ஆண் அந்து அதில் விழும். 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ வேப்பம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ராத்திரி ஊறவைத்து, மறுநாள் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் அடிப்போம். காய்ப்பு ஓய்ந்த செடியை விறகுக்கு அடுக்கி வைப்பதில்லை. அதே இடத்தில் உடனே மறுபடி கத்தரி போடுவதும் இல்லை.

சொத்தையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கூடைக்குப் பாதி கழித்த வியாபாரி இப்போது ஒரு கை அள்ளித்தான் கழிக்கிறார். கடனும் அடைந்தது. வீட்டுக்கும் சந்தைக்கும் ஒரே காய்தான் போகிறது.

கடைசியாக ஒண்ணு. நாங்கள் மட்டும் கிள்ளினால் போதாது. பக்கத்துத் தோட்டத்து அந்து வரப்பைப் பார்த்து நிற்காது. கத்தரி போட்டிருக்கும் குழுக்கள் எல்லாம் வாரத்தில் ஒரே நாளில் இறங்குவோம். எந்தக் கிழமை என்று இன்றைக்கே பேசி முடிவு பண்ணிவிட்டுப் போவோம், சகோதரிகளே.