இன்டர்வியூவும் "கடவுள் செயலும்"

(குன்னூரில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் நஷ்டஈட்டுக் கிளெய்ம் பார்க்கும் உத்தியோகத்துக்கு இன்டர்வியூ போகிற வாலிபர்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி இவ்வூர்த் தோழர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். என்ன சட்டை போடுவது, எப்படிக் கைகுலுக்குவது என்பவைகளைச் சொல்லிக் கொடுத்துக் காசு வாங்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாம் அதற்கு வரவில்லை.

முதலில் அந்த வேலைதான் என்ன? பர்லியார் வளைவில் லாரி உருண்டால், தேயிலைப் பேக்டரி எரிந்தால், மண் சரிந்து சுவர் விழுந்தால், அது எதனால் வந்தது, நஷ்டம் எவ்வளவு என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். லைசென்ஸ் பெற்ற சர்வேயர் (நிலம் அளக்கிறவர் அல்ல) வெளியிலிருந்து வந்து ரிப்போர்ட் கொடுப்பார். கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் ஆபீசர் அதைப் பார்த்துக் கிளெய்மைத் தீர்ப்பார். ஆக, இது காரணம் தேடுகிற உத்தியோகம். "எல்லாம் தலையெழுத்து" என்று ரிப்போர்ட் எழுதுகிறவன் ஒரு நாள்கூட அந்த நாற்காலியில் இருக்க முடியாது.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! இந்நாட்டில் வெகுகாலம் வழங்கிவந்த தீ இன்ஷூரன்ஸ் பாலிசியில் இடி, புயல், வெள்ளம், மண்சரிவு ஆகியவைகளுக்குக் "கடவுள் செயல்" என்றே பெயர். அப்படிப்பட்ட நஷ்டமானால் 100க்கு 5 பங்கைப் பிடித்துக்கொண்டுதான் பாக்கியைக் கொடுப்பார்கள். கடவுள் செய்த குற்றத்துக்கு அபராதம் பாலிசி எடுத்தவன் தலையில்! அதே பாலிசியில், மண் வெட்டியதாலோ கட்டடம் கட்டியதாலோ சரிந்திருந்தால் ஒரு காசும் கிடையாது என்றும் இருக்கிறது. அதாவது பணத்தைப் பிடிக்கிறபோது கடவுள். கொடுக்காமலே இருப்பதற்கு மண்வெட்டி!

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் இம்மாவட்டத்தில் 40 பேருக்குமேல் மாண்டார்கள். மழை பெய்தது வாஸ்தவம். ஆனால் மலையைச் செங்குத்தாக வெட்டிவிட்டவர் யார்? தண்ணீர் போகிற வழியை அடைத்தவர் யார்? இதைக் கேட்கிறவன்தான் அந்த வேலைக்கு யோக்கியன். ஆகவே ஒரு மண்சரிவுப் படத்தைக் காட்டி, "நீ போனால் முதலில் எதைப் பார்ப்பாய்?" என்று கேட்பதல்லவா இன்டர்வியூ?

அப்படியா நடக்கிறது? 1980இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கைக் கேளுங்கள். அது உத்தியோகத்துக்கல்ல, ஸ்ரீநகர் என்ஜினீயரிங் கல்லூரியில் சேருவதற்கான இன்டர்வியூ. மொத்தம் 150 மார்க்கில் 50 மார்க் இன்டர்வியூவுக்கு. உள்ளே போனால் இரண்டு மூன்று நிமிஷம். தகப்பன் யார், ஊர் எது என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது பிள்ளைகளின் புகார். 100க்கு 15க்குமேல் இன்டர்வியூவுக்கு வைப்பது நியாயமல்ல என்றும், பேச்சைப் பதிவு செய்வது நல்லது என்றும் கோர்ட்டார் சொன்னார்கள். 2016 ஜனவரி முதல் மத்திய சர்க்கார் கீழ்மட்ட உத்தியோகங்களுக்கு இன்டர்வியூவையே எடுத்துவிட்டது. சர்க்கார் இன்ஷூரன்ஸ் கம்பெனி அசிஸ்டென்டுகளுக்கும் எழுத்துப் பரீட்சையும் உள்ளூர் பாஷைச் சோதனையும்தான். ஆபீசராக வேண்டுமானால் இன்னும் இன்டர்வியூ உண்டு.

தகப்பன் பெயரையும் ஊரையும் ஏன் கேட்கிறார்கள் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜாதி என்று வாய்திறந்து கேட்க வெட்கப்படுகிறவர்களுக்கு அது குறுக்குவழி. 1928இல் முத்தையா முதலியார் மந்திரியாயிருந்து, 12 உத்தியோகமானால் இன்ன வகுப்புக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு அமலுக்குக் கொண்டுவந்தாரே, எதற்காக? "தகுதி, திறமை" என்று மூடிய அறைக்குள் சொல்லப்பட்டதை நம்ப முடியாமல்தான்.

இன்டர்வியூவே கூடாதென்பது நம் அபிப்பிராயமல்ல. முதலாளியிடமும் கொழுந்து பறிக்கிற அம்மாளிடமும் ஒரே மாதிரி பேசி விஷயத்தை வாங்கத் தெரிகிறதா என்பதை எழுத்துப் பரீட்சையில் காண முடியாது. எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்கூட்டியே சொன்ன மார்க், பேச்சுக்குப் பதிவு, கேட்கிறவர்களில் எல்லா வகுப்பாரும். இவ்வளவுதான் நாம் கேட்பது.

நம் பிள்ளைகளையும் சும்மா விடுவதற்கில்லை. சட்டைப்பையில் எலுமிச்சம்பழம்! வெள்ளிக்கிழமை 11 மணிக்கு இன்டர்வியூ என்றால் ராகுகாலமாம், வீட்டில் அழுகை! நாளைக்குப் பேக்டரி எரிந்த இடத்தில் எந்தப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவாய், அப்பா?

இங்கே பலருடைய பெரியவர்கள் 1964ஆம் வருஷத்துச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்தவர்கள். "சொந்த ஊர் எது?" என்றால் தலைகுனிகிறீர்கள். ஏன் குனிய வேண்டும்? "தாத்தா கண்டித் தோட்டம், நாங்கள் கோத்தகிரி லைன் வீடு" என்று சொல்லுங்கள். டிரையர் பக்கத்தில் தேயிலைத் தூசு எப்படிப் படிகிறது, எங்கே தீ பிடிக்கும் என்பது நகரத்துப் பிள்ளைக்குப் புத்தகத்தில்தான் தெரியும். உங்களுக்கு அம்மா சொல்லியே தெரியும். அதைச் சொல்லுங்கள், தமிழிலாவது சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் கேட்ட கேள்விகளையெல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள். சர்க்கார் கம்பெனியானால், 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் இன்டர்வியூ மார்க்கைக் கேட்டு மனுப் போடலாம். கட்டணம் 10 ரூபாய். மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் வாருங்கள், இங்கேயே எழுதித் தருகிறோம்.